தடுப்பூசி: கட்டாயத்துக்கு முன்னால் பதில் வேண்டும்

தட்டம்மை எங்கேனும் தலைகாட்டும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. குழந்தைகளுக்குத் தடுப்பூசியைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும், மறுக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்று அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. என் குழந்தையின் உடலில் எதைச் செலுத்துவது என்று முடிவுசெய்ய அரசு யார் என்பது மற்றொன்று. முதல் குரல் தயங்குவோரை அறிவிலிகளாகப் பார்க்கிறது. இரண்டாவது குரல் ஊசி போட வருவோரைச் சதிகாரர்களாகப் பார்க்கிறது. மன்னார்குடியில் இருந்தபடி இந்த விவாதத்தைக் கவனித்துவரும் எனக்கு, நம் மண்ணில் நடந்ததை இரண்டு தரப்பும் சரியாகப் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய ஐந்து பகுதிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கப்பட்டது. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் 15 வயது நிறையாத மாணவர் வரை எல்லோருக்கும் ஒரு தவணை ஊசி. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1.76 கோடிப் பேர் இலக்கு. பள்ளிகளே முகாம்களாயின. அந்த மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய பணியை மார்ச்சிலும் நீட்டிக்க நேர்ந்தது. அதற்குப் பெருங்காரணம் பெற்றோரின் தயக்கம். ஊசி போட்ட பிள்ளைகள் மயங்கி விழுந்ததாகவும், அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்றும், ஆட்டிசத்தைக் கொண்டுவரும் என்றும் வாட்ஸ்ஆப்பில் செய்திகள் பறந்தன. முகாம் நடக்கும் நாளில் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட பெற்றோர் பலர்.

இவர்கள் யார்? 1995 முதல் ஆண்டுதோறும் சொட்டு மருந்து முகாம்களுக்குக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றவர்கள்தாம். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசியைத் தவறாமல் போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள்தாம். அப்போது நான் பேசிய பெற்றோரில் படிக்காதவர்களைவிடப் படித்தவர்களே கூடுதலாகத் தயங்கினார்கள். தடுப்பூசி என்பதையே அவர்கள் வெறுக்கவில்லை. 'இந்த ஊசி ஏன், இப்போது ஏன், எங்களைக் கேட்காமல் ஏன்?' என்பதே அவர்களது கேள்வியாக இருந்தது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியது நாம் செய்த முதல் பிழை.

மீத்தேன் கற்றுத்தந்த ஐயம்

இந்தக் கேள்விகள் காவிரிப் படுகையில் ஓங்கி ஒலித்ததற்கு ஓர் உள்ளூர் வரலாறும் உண்டு. மன்னார்குடி வட்டாரம் என்பது அரசுக் கோப்புகளில் ஓர் எரிவாயு வட்டாரத்தின் பெயராகவும் இருந்தது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-இல் ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடப்பட்டது. நெல் விளையும் நிலத்துக்கு அடியில் என்ன நடக்கப்போகிறது என்பதை விவசாயிகள் பிற்பாடுதான் அறிந்தார்கள். பாதிப்பு இருக்காது என்று வல்லுநர்கள் சொன்னார்கள். மக்கள் நம்பவில்லை, ஒப்பந்தத்தைக் காட்டு, நிலத்தடி நீருக்கு என்ன ஆகும் சொல் என்று கேட்டார்கள். அந்தப் பரப்புரைப் பயணத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் இறுதியில் நம்மாழ்வார் மறைந்தார். அதே ஆண்டில் இடைக்காலமாக நிறுத்தப்பட்ட திட்டத்துக்கு 2015-இல் மாநில அரசு இறுதியாகக் கதவை அடைத்தது.

அதிகாரமும் அறிவியலும் ஒரே குரலில் 'ஆபத்தில்லை' என்று சொன்னாலும் கேள்வி கேட்டால் நிலம் பிழைக்கும் என்ற பாடத்தை அந்தப் போராட்டம் இம்மண்ணுக்குத் தந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தது. பிப்ரவரி நடுவில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்பு மூண்டது. அந்த ஆண்டு டெல்டா வறட்சியிலும் வாடிக்கொண்டிருந்தது. இவற்றுக்கு நடுவில்தான் பள்ளிக்கு ஊசி வந்தது. போராட்டச் செய்திகளைச் சுமந்த அதே கைப்பேசிக் குழுக்கள் ஊசிக்கு எதிரான செய்திகளையும் சுமந்தன. மண்ணைக் காத்த ஐயம், அதே வேகத்தில் மருந்தின் பக்கமும் திரும்பியது.

ஐயப்படும் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. மீத்தேன் கிணற்றை மறுத்தவர் தம் நிலத்தோடு அடுத்த வயல்காரரின் தண்ணீரையும் சேர்த்துக் காத்தார். தட்டம்மை ஊசியை மறுப்பவர் தம் குழந்தையோடு அடுத்த வீட்டுக் குழந்தையையும் சேர்த்தே ஆபத்தில் நிறுத்துகிறார். எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்களிடையே தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு அது பரவக்கூடும். பரவலைத் தடுக்க 95 விழுக்காட்டினராவது எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்க வேண்டும். ஒன்பது மாதம் நிறையாத சிசுவும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் சிறுவனும் ஊசி போட்டுக்கொள்ள முடியாதவர்கள். சுற்றியிருப்போர் போட்டுக்கொண்ட ஊசிதான் அவர்களுக்கு அரண்.

கேட்கப்பட்ட கேள்விகளும் சொல்லப்படாத விடைகளும்

அன்று பெற்றோர் கேட்டவற்றுக்கு நல்ல விடைகள் இருந்தன. 'ஏற்கெனவே போட்டாயிற்றே, மறுபடியும் எதற்கு?' என்றார்கள். முதல் தவணை எல்லாக் குழந்தைகளிடமும் முழுமையாகப் பிடிப்பதில்லை. விடுபட்டவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒரே வீச்சில் எட்டத்தான் எல்லோருக்கும் இன்னொரு தவணை. முன்பே பாதுகாப்புப் பெற்றவருக்கு அதனால் தீங்கில்லை.

'ரூபெல்லா லேசான காய்ச்சல்தானே, அதுவும் ஆண் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்றார்கள். சிறுவனுக்கு அது லேசான காய்ச்சல்தான். அவன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு, அதிலும் முதல் மூன்று மாதங்களில் தொற்றினால், வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் அது சிதைக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990-களில் நடந்த ஆய்வு, சிசுக்களின் கண்புரையில் கணிசமான பங்குக்கு இந்தத் தொற்றே காரணம் என்று காட்டியது.

இதில் அதிகம் பேசப்படாத நுட்பம் ஒன்றும் உண்டு. ரூபெல்லா ஊசியை அரைகுறையாகப் போடுவது, போடாமலே இருப்பதைவிடக் கெடுதலாக முடியக்கூடும். பாதிப் பேர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால் கிருமியின் சுழற்சி குறையும், ஆனால் நிற்காது. சிறுவயதில் தொற்றைச் சந்திக்காமல் தப்பும் பெண்கள் கருவுறும் வயதில் அதைச் சந்திப்பார்கள். 1993-இல் கிரேக்கத்தில் இதுதான் நேர்ந்தது. ஆகவே இந்த ஊசியைத் தொடங்கும் அரசு அதை ஏறக்குறைய எல்லோரிடமும் கொண்டுசேர்த்தே ஆகவேண்டும். வயது வரம்பை 15 வரை நீட்டியதன் காரணமும் இதுவே.

ஆட்டிசம் பற்றிய அச்சம் 1998-இல் லண்டனின் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பிறரும் வெளியிட்ட, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட கட்டுரையில் தொடங்கியது. 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. பிற்பாடு டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வும் எந்தத் தொடர்பையும் காணவில்லை.

2017-இல் இவற்றில் பெரும்பகுதியை ஒரு பக்கத் தாளில் எளிய தமிழில் அச்சிட்டு, ஊசிக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வைத்து அனுப்பியிருக்க முடியும். நானறிந்த பல வீடுகளுக்கு அப்படியொரு தாள் வந்து சேரவில்லை. விடை வர வேண்டிய நேரத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

பழைய பாடங்கள்

தடுப்பூசித் தயக்கத்தைக் கோயிலோடு முடிச்சுப் போடுவது சிலருக்கு வழக்கம். அம்மையைத் தெய்வத்தின் வருகையாகக் கண்ட ஊர்தான் இது. வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் நோயிலிருந்து மீண்டவர்கள் பங்குனியில் பாடை கட்டி வேண்டுதல் நிறைவேற்றுவதை இன்றும் காணலாம். ஆனால் பாடைக்காவடி எடுக்கும் குடும்பத்தார்தாம் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்கு ஊசியும் போடுகிறார்கள். வாசலில் வேப்பிலையும் பெட்டியில் தடுப்பூசி அட்டையும் ஒரே வீட்டில் இருப்பதில் அவர்களுக்கு முரண் எதுவும் தெரிவதில்லை.

அம்மனைக் காரணம் காட்டி மக்களை ஏமாற்ற முயன்றவர்களும் இருந்திருக்கிறார்கள். பெரியம்மைத் தடுப்பு முறை இந்தியாவுக்கு வந்த 1802-க்குப் பிந்தைய ஆண்டுகளில், தமிழறிந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், பசுவின் வழியாகக் கிடைக்கும் இந்த மருந்து தெய்வம் அருளியதே என்று சொல்லும் புராணக் கதையொன்றைத் தமிழில் தாமே புனைந்தார். நோக்கம் நல்லது, வழி பொய். மக்களுக்குக் காரணத்தைச் சொல்வதைவிடக் கதையைச் சொல்வது எளிது என்ற அந்த மனப்பான்மை இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் முற்றாக விலகவில்லை.

அதற்கு மாறான பாடமும் நம்மிடம் உண்டு. முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய மறு ஆண்டு, 1955-இல், ராஜாஜி பிசிஜி ஊசியைத் தாம் எதிர்ப்பதன் காரணங்களை நூலாகவே வெளியிட்டார். அவர் சொன்ன அனைத்தும் சரியென்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு பெரிய அளவில் போடப்படும் ஊசியின் பயன் உறுதியாகியிருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடும் உலகின் மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. வளர்ந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்ற, அரசுக்குச் சங்கடமான முடிவு 1979-இல் மறைக்கப்படாமல் வெளியானது. அதேவேளை சிசுக்களின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதற்குப் பிற ஆய்வுகளில் சான்று இருந்ததால், பிறந்த குழந்தைக்குப் போடுவது தொடர்ந்தது. கேள்வியை அடக்காமல் சோதித்து, முடிவைப் பொதுவில் வைத்ததால் பிசிஜி ஒழிந்துபோகவில்லை. அதற்குரிய இடத்தில் நிலைபெற்றது.

மறுப்பைவிடப் பெரிது தூரம்

தடுப்பூசி விகிதம் குறைந்தால் பெற்றோரைக் குற்றம் சொல்வது எளிது. புள்ளிவிவரம் வேறொன்றைச் சொல்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றோர் 2005-06-இல் 80.9 விழுக்காடு. 2015-16-இல் அது 69.7 விழுக்காடாகச் சரிந்தது. 2019-21-இல் 89.2 விழுக்காடாக உயர்ந்தது. மற்ற மாநிலங்கள் பல ஏறிக்கொண்டிருந்த பத்தாண்டில் நாம் ஏன் இறங்கினோம்?

2008 ஏப்ரல் 23 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமங்களில் நடந்துவந்த ஊசிப் பணியை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டுமே போட வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. எச்சரிக்கையான முடிவுதான். ஆனால் கோட்டூர் ஒன்றியத்தின் உட்கிராமம் ஒன்றில் நடவுக் கூலிக்குப் போகும் தாய்க்கு அதன் பொருள் என்ன? முன்பு தெருவிலேயே கிடைத்த ஊசிக்காக ஒரு நாள் கூலியை இழந்து, கைக்குழந்தையோடு பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் அந்தப் புதன்கிழமை தள்ளிப்போகும், தள்ளிப்போனது விடுபட்டுப்போகும். சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிராம சுகாதார செவிலியர் ஊசிப் பெட்டியோடு ஊருக்குள் வருவது நின்றதை ஒதுக்கிவிட்டு அந்தச் சரிவை விளக்க முடியாது. கட்டாயச் சட்டம் அன்று இருந்திருந்தால், அரசு விலகிச் சென்றதற்கான தண்டனையை அந்தத் தாய் சுமந்திருப்பாள்.

பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்துவது மட்டும் செவிலியரின் பயன் அன்று. பிரசவத்துக்கு முன்பிருந்தே பெண்ணின் பெயரும் மாமியாரின் குணமும் அறிந்தவர் அவர். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அழைக்கக்கூடிய எண் அவருடையது. வாட்ஸ்ஆப் வதந்திக்கு எதிராக அரசிடம் இருக்கும் மிக வலுவான மாற்றுச் செய்தி அவர்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

குழந்தைகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இன்று இல்லை. ஆனால் கட்டாயத்தின் சாயல் கொண்ட ஏற்பாடுகள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் சில தவணைகள் குழந்தைக்கு ஊசி போடப்பட்டதைச் சார்ந்தே வழங்கப்பட்டு வந்தன. ஊக்கம் என்ற அளவில் இதை நான் வரவேற்கிறேன். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு 2021 நவம்பரில் தமிழக அரசு, பொது இடங்களுக்கு வருவோர் கரோனா தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று அறிவித்தது. அதுவும் வேறு சில மாநிலங்களின் ஆணைகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. யாரையும் வலிந்து ஊசி போட வைக்க முடியாது, பொதுநலன் கருதி நியாயமான அளவில் கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அன்றைய கட்டுப்பாடுகள் அந்த அளவுகோலுக்குப் பொருந்தவில்லை என்று 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியெல் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளின் விவரம் மக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதற்கு முன்பே 2019 ஜனவரியில், பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடப் பெற்றோரின் ஒப்புதல் தேவை, நன்மையும் பக்கவிளைவும் சொல்லப்பட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

கட்டாயம் ஒருபோதும் கூடாது என்பதன்று என் கருத்து. பிரான்சிலும் இத்தாலியிலும் பள்ளி வயதுக்கு முந்தைய ஊசிகள் பல கட்டாயமாக்கப்பட்டன, விகிதமும் உயர்ந்தது. ஆனால் 1853-இல் பெரியம்மை ஊசியைக் கட்டாயமாக்கி அபராதம் விதித்த இங்கிலாந்து, 1885-இல் லெஸ்டர் நகரில் பெருந்திரள் எதிர்ப்பைக் கண்டு, 1898-இல் மனச்சான்றின் பேரில் மறுக்க வழிவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். கட்டாயம் பலித்த இடங்களில், அதற்கு முன்பாக அரசு தன் கடமைகளை ஏற்றிருக்கிறது. ஊசியால் அரிதாக நேரும் பாதிப்புக்கு, யாருடைய தவறு என்று நிரூபிக்கச் சொல்லாமல் இழப்பீடு தரும் முறை பிரிட்டனில் 1979-இலும் அமெரிக்காவில் 1986-இலும் சட்டமானது. கரோனா ஊசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், இழப்பீட்டுக்கு உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2022 நவம்பரில் நமது மத்திய அரசு சொன்னது. கோடிக்கணக்கானோரின் நன்மைக்காக ஒரு குடும்பம் விலை கொடுத்திருந்தால், அதை ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பெறச் சொல்லும் அரசுக்குக் கட்டாயம் என்ற சொல்லை உச்சரிக்கும் தகுதி இன்னும் வரவில்லை.

தாமதமாக வரும் பதில் எவ்வளவு கேடு செய்யும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று பலரறியக் கரோனா ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் மறைந்தார். அவரது மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற மத்தியக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளியானது. இடைப்பட்ட ஆறு மாதங்களில் அந்த வெற்றிடத்தை யார் நிரப்பினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அதே தமிழ்நாட்டில், செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். நவம்பர் ஆணைக்கு முன்பே அது நடந்தது. ஊசி வீட்டருகே வந்ததும் தயக்கம் வெகுவாகத் தளர்ந்தது.

சமோவா சொல்லும் எச்சரிக்கை

ஐயத்தைத் தீர்க்காமல் விட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான சமோவா சான்று. 2018-இல் அங்கே தட்டம்மை ஊசிக்குப் பின் இரண்டு சிசுக்கள் இறந்தன. மருந்தில் குறையில்லை, கரைசலுக்குப் பதிலாக மயக்க மருத்துவத்தில் பயன்படும் தசைத் தளர்வு மருந்தைச் செவிலியர்கள் தவறுதலாகக் கலந்திருந்தார்கள். அரசு ஊசித் திட்டத்தைப் பல மாதங்கள் நிறுத்தியது. அச்சமும் வதந்தியும் வளர்ந்தன. 2019-இன் இறுதியில் தட்டம்மை புகுந்தபோது இரண்டு லட்சம் பேர் கொண்ட அந்நாட்டில் 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அதற்குப் பிறகே ஊசி கட்டாயமாக்கப்பட்டு, வீடு வீடாகப் போடப்பட்டது.

நமக்கு அந்த நிலை வராமலிருக்க, அரசுக்கு நான்கு கட்டாயங்கள் வேண்டும் என்பேன். ஊசிக்கு ஒரு வாரம் முன்பே பயனையும் பக்கவிளைவையும் தமிழில் எழுதித் தந்து ஒப்புதல் பெறுவது. ஊசிக்குப் பின் மரணமோ கடும் பாதிப்போ நேர்ந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாரந்தோறும் மாவட்ட அளவில் அறிவித்து, முடிவை முழுமையாக வெளியிடுவது. தவற்றை நிரூபிக்கச் சொல்லாத இழப்பீட்டுச் சட்டம். கிராம சுகாதார செவிலியர் பணியிடங்களைக் காலியாக விடாமல், நடவு, அறுவடைக் காலங்களில் மாலை நேரத்திலும் ஊசி கிடைக்கச் செய்வது. இவற்றைச் செய்துமுடித்த பின்னும் ஒரு பகுதியில் நோய் பரவி, விளக்கம் கேட்டறிந்த பின்னரும் சிலர் மறுத்தால், அந்தக் காலத்துக்கு மட்டும் ஊசி போடாத பிள்ளைகளைப் பள்ளிக்கு வராமல் நிறுத்துவது போன்ற கட்டுப்பாடு நியாயமாகும். படிப்பையும் ரேஷனையும் நிரந்தரமாகப் பறிப்பது ஒருநாளும் நியாயமாகாது. தண்டனை குழந்தைக்கே போய்ச் சேரும்.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மீத்தேன் காலத்தில் நாம் ஒப்பந்தத்தைப் படித்தோம், நிலவியல் கற்றோம், எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்டோம். அதன் பிறகே மறுத்தோம். அதே உழைப்பைத் தடுப்பூசிக்கும் தர வேண்டும். யார் பேசுகிறார், அவருடைய சான்று என்ன என்று கேளாமல் ஒரு குரல்பதிவை நம்பிக் குழந்தையின் ஊசியைத் தள்ளிப்போடுவது அந்தப் போராட்ட மரபுக்கும் பொருந்தாது. தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டு தவணைகள் ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் வருகின்றன. வீட்டில் இருக்கும் அட்டையை எடுத்துப் பார்த்து, விடுபட்டிருந்தால் வரும் புதன்கிழமை செவிலியரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேளுங்கள். கேட்டறிந்து, குழந்தைக்கு ஊசியைப் போட்டுக்கொண்டே வீடு திரும்புங்கள்.